துப்பாக்கி வாரன்டியை மறுக்கிறார்கள், யாராவது வழி சொல்லுங்களேன்

டெக்சஸில் இருக்கிறேன். போன வருடம் புதிதாக வாங்கிய 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி (சுட்டபின் காலி உறையை வெளியே இழுக்கும் பாகம்) உடைந்துவிட்டது. அப்போது சுட்டது கடையில் வாங்கிய தோட்டாதான். காலி உறை சேம்பரிலேயே (தோட்டா உட்காரும் அறை) மாட்டிக்கொண்டது. வீக்கமோ வெடிப்போ இல்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பழுதுபார்க்க அனுப்பும்போது, வீட்டில் நானே ரீலோட் செய்த (காலி உறையில் மருந்தும் குண்டும் மீண்டும் நிரப்பிய) தோட்டாக்களையும் முன்பு சுட்டிருக்கிறேன் என்று எழுதித் தொலைத்தேன். அவ்வளவுதான், வாரன்டி கிடையாது என்று துப்பாக்கி நிறுவனத்தார் கையை விரித்துவிட்டார்கள்.

குறிப்பிட்ட பிராண்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வாரன்டிக்கு நிபந்தனை போடுவதை 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் (அமெரிக்க வாரன்டி சட்டம்) பொதுவாகத் தடுக்கிறது. சரி, ‘ரீலோட் எதுவுமே கூடாது’ என்ற நிபந்தனையும் அந்தத் தடையில் வருமா? உடைந்ததற்கு ரீலோட்தான் காரணம் என்று அவர்கள் காட்ட வேண்டாமா? ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் டெக்சஸ் நீதிமன்றம்) இப்படி வழக்குப் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். உடைந்த கொக்கியைத் திருப்பிக் கேட்கலாமா?