பிழியும்போது உறுமும் வாஷிங்மெஷின்: மோட்டாரா, பேரிங்கா?

குன்னூர்வாசி:
முன்பக்கம் திறக்கும் மெஷின். துவைக்கும்போது தொந்தரவில்லை, பிழியத் தொடங்கினால் பர்லியாறு ஏற்றத்தில் சுமை லாரி ஏறுவதுபோல் உறுமுகிறது. பின்பக்கம் துருநிறத்தில் நீர் வழிந்த கோடு. ஐப்பசி மழையில் பிழியாத துணி இங்கே காயவே காயாது. பார்க்க வந்தவர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். நம்பலாமா?

கோத்தகிரி மெக்கானிக்:
மோட்டாரை விடுங்கள் அம்மா. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மைக் கையால் சுற்றுங்கள். கரகரவென்று கேட்கிறதா? விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் லொடலொடவென்று ஆடினால், டிரம்மின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் போய்விட்டது. துருக்கோடே பாதி சாட்சி: தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து, தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கியிருக்கிறது. சீலை விட்டுவிட்டு பேரிங்கை மட்டும் மாற்றுவது தண்டச் செலவு. பேரிங்கின் மீது 6205, 6206 என்பதுபோல் எண் பொறித்திருக்கும். அதைப் பார்த்தே வாங்குங்கள். தொட்டியில் பொருத்தும்போது வெளிவளையத்தில்தான் தட்ட வேண்டும். உள்வளையத்தில் அடித்தால் புதிய பேரிங்கும் அன்றே பழசு.

ஊட்டியிலிருந்து:
சில மாடல்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளையும் திருகில்லாமல் ஒட்டியே மூடியிருப்பார்கள். பிரிக்க வழியில்லை, முழுத் தொட்டியையே வாங்க வேண்டும். சுற்றிலும் திருகுகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கால்கள் அரித்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

குன்னூர்வாசி:
ஆடுகிறது. திருகுகளும் இருக்கின்றன. மோட்டார் கதையை அவரை இன்னொரு முறை சொல்லச் சொல்லப்போகிறேன்.