பணியிடைப் பயிற்சி, பள்ளித் தலைமை: இன்னும் உறுத்தும் ஒரு நிகழ்வைப் பகிருங்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கம், இடைநிலை ஆசிரியை

தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கும் அரசுத் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' தொடங்கிய 2022ஆம் ஆண்டுப் பயிற்சி அது. கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளைப் பிரிக்கும் முறையை, பயிற்சி தரும் கருத்தாளர் மூன்றாவது தடவையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற இரண்டே ஆண்டுகள் இருந்த ஓர் அக்கா எழுந்தார். "எங்களுது ஈராசிரியர் பள்ளிங்க சார், மூணு வகுப்பும் ஒரே ரூம்ல. நான் அரும்போட தரையில உக்கார்ற நேரத்துல மலர் என்னங்க பண்ணும்?" கருத்தாளர் கையேட்டைப் புரட்டினார், மூடினார். "எனக்குத் தெரியலைங்க டீச்சர். உங்க பள்ளிக்கே ஒரு நாள் வந்து உக்காந்து பார்க்கறேன்" என்றார். கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். பதினெட்டு ஆண்டுப் பணியில், தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே கருத்தாளர் அவர்தான். அன்று மாலை வரை அந்தக் கூடத்தில் அதற்குப் பிறகு யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

தாளவாடி மலைப்பகுதி, தலைமையாசிரியர்

பதவி உயர்வு பெற்று மலையேறிய முதல் ஆண்டு. வகுப்பறையை உற்றுநோக்க வந்த அலுவலர், இரண்டாம் வகுப்புச் சிறுமியிடம் வீட்டுப் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டார். அவள் படத்தின் மேல் விரலை வைத்து "மனெ" என்றாள். இங்கே பல வீடுகளில் கன்னடம்தான் பேச்சு என்பது மலையில் பணிபுரிந்த எவருக்கும் தெரியும். அவர் கைப்பேசியில் தவறு என்று குறித்துக்கொண்டு அடுத்த குழந்தைக்குப் போய்விட்டார். கற்பித்தலில் தலைமை வகிப்பது எப்படி என்று ஐந்து நாள் பயிற்சி பெற்றுவிட்டு வந்திருந்த நான், வாயிற்படியில் கைகட்டி நின்றேன். அவள் விரலை மட்டும் வெகுநேரம் எடுக்கவில்லை.

காங்கேயம், கருத்தாளர்

முதலில் எழுதிய ஆசிரியைக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாநில அளவில் கற்றதை மாவட்டத்தாருக்கும், அவர்கள் ஒன்றியத்தாருக்கும், அவர்கள் எங்களுக்கும் சொல்லி, கடைசியில் நாங்கள் உங்கள் முன் நிற்கும்போது கையில் மிஞ்சுவது கையேடு மட்டும்தான். தெரியாது என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். சிரிப்பீர்கள் என்றுதான் சொல்வதில்லை. பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் என் குறுவள மையக் கூட்டத்தில் ஓர் ஆசிரியை கடைசி வரிசையில் விடைத்தாள் திருத்தினார், கண்டித்தேன். பிறகுதான் அவர் பள்ளியில் மற்றோர் ஆசிரியர் நீண்ட விடுப்பில் இருந்தது தெரிந்தது. அவ்வளவுதான் என் கதை.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கேள்விகளைத் தாளில் வாங்குங்கள். ஈராசிரியர் பள்ளிக்காரர்களைத் தனிக்குழுவாக உட்கார வையுங்கள், ஏனெனில் அவர்களின் சிக்கல் மற்றவர்களுக்குப் புரியவே புரியாது. கூட்டம் நடக்கும் பள்ளியின் குழந்தைகள் பத்துப் பேரை அழைத்து, ஒரு பாடத்தை நேரிலேயே நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அது சொதப்பினால் இன்னும் நல்லது, பேசுவதற்குப் பொருள் கிடைக்கும். தலைமையாசிரியர்கள் வாரம் ஒரு பாடவேளை, கையில் எந்தப் பதிவேடும் இல்லாமல், சக ஆசிரியரின் வகுப்பில் உட்காருங்கள். தாளவாடி சார் பார்வையாளர் பதிவேட்டிலேயே மறுப்பு எழுதியிருக்கலாம்.

தாளவாடி மலைப்பகுதி, தலைமையாசிரியர்

அந்தப் பதிவேட்டில் எழுதும் உரிமை பார்வையாளருக்குத்தான் உண்டு, சார். மேலும் நான் அறிவுரை கேட்கவில்லை.

பல்லடம் அருகே, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியை

பயிற்சியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தலைமைப் பாடம் நடத்தியவர் விசைத்தறிக்குப் போகும் ஒரு தாய். 2022இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுகட்டமைத்தபோது இருபது உறுப்பினர்களில் பதினைந்து பேர் பெற்றோர். நேரம் மிச்சமாகட்டும் என்று தீர்மானங்களை முந்தைய நாளே எழுதிவைத்து, முதல் கூட்டத்தில் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினேன். இரவுப் பணி முடித்து உறங்காமல் வந்திருந்த அவர் பேனாவை வாங்கவில்லை. "படிச்சுக் காட்டுங்க டீச்சர்" என்றார். படித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்: "நாங்க இன்னும் ஒண்ணுமே பேசலீங்களே, அதுக்குள்ள எப்படிங்க எழுதுனீங்க?"

அந்தப் பக்கத்தைக் குறுக்கே கோடிட்டு அடித்தேன். அடுத்த பக்கத்தில் அவர் சொன்னது முதல் தீர்மானமாக இருக்கிறது: கூட்டத்தை ஷிப்ட் மாறும் நேரத்துக்கு மாற்ற வேண்டும்.