இந்த இரண்டு கொம்பு வண்டும் ஒரே இனமா?

செம்பனைத் தம்பி:
சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீட்டு வாசல் விளக்கில் ராத்திரி வந்து மோதி விழுந்தவை. ஒன்று நாலு சென்டிமீட்டர் இருக்கும், கன்னங்கரேலென்று, தலையில் ஒற்றைக் கொம்பு பின்பக்கமாக வளைந்திருக்கிறது. இன்னொன்று அதைவிடப் பெரிது, கருஞ்சிவப்பு, தலையில் ஒரு கொம்பு, முதுகிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டு ஒன்று, இரண்டுமே நுனியில் கவையாகப் பிரிகின்றன, கையில் எடுத்தால் ஸ்ஸ் ஸ்ஸென்று சத்தம் வேறு. அப்பா இரண்டும் ஒரே ஜாதிதான், பெரியது ஆண் என்கிறார். நெட்டில் தேடினால் அட்லஸ் வண்டு என்றும் வருகிறது. எது சரி?

வண்டுப் பைத்தியம்:
அப்பா சொல்வது இல்லை தம்பி, இரண்டும் வேறு வேறு. கருப்பு, காண்டாமிருக வண்டு, ஓரிக்டீஸ் ரைனோசெரஸ். மலாயில் கும்பாங் பாடாக். இதில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு, கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான். கவிழ்த்துப் போட்டு வயிற்றின் கடைசி நுனியைப் பாருங்கள், செம்பட்டை மயிர் அடர்ந்து கிடந்தால் பெண். பெரியது ஸைலோட்ரூபஸ் என்ற பேரினத்தில் ஆண், அதன் பெண்ணுக்குக் கொம்பே கிடையாது. அட்லஸ் ஆணுக்கு நீளமாக மூன்று கொம்பு இருக்கும், முதுகில் இரண்டு, தலையில் ஒன்று, அதனால் அது இல்லை. அப்புறம், அளவை நம்பாதீர்கள், புழுவாக இருக்கும்போது தீனி சரியாகக் கிடைக்காத ஆண் சிறியதாகத்தான் வரும், கொம்பும் குட்டையாகிவிடும். எத்தனை கொம்பு, எங்கிருந்து கிளம்புகிறது, நுனி பிளந்திருக்கிறதா, இதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய மண்டோர்:
பக்கத்தில் மறுநடவு நடக்கிறதா தம்பி? சாய்த்த செம்பனையை, அதான் எண்ணெய்ப் பனையை, இப்போது எரிக்க விடுவதில்லை, சீவிக் குவித்துப் போடுகிறார்கள், அது மக்க மக்க உள்ளே இந்தக் கருப்பு வண்டின் வெள்ளைப் புழு கட்டைவிரல் தடிமனுக்குச் சுருண்டு கிடக்கும். வண்டான பிறகுதான் தொல்லை, இளங்கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். வீட்டில் தென்னை இருந்தால் நிமிர்ந்து பாருங்கள், விரிந்த ஓலை கத்தரிக்கோலால் முக்கோணமாக வெட்டியது போலிருந்தால் இவன் வேலைதான்.

செம்பனைத் தம்பி:
மயிர் இருக்கிறது, பெண்தான். தென்னை ஓலையும் அப்படியேதான் வெட்டுப்பட்டிருக்கிறது அங்கிள்! பின்னாலிருக்கும் தோட்டத்தில் மரம் சாய்த்துப் போட்டு அப்படியே கிடக்கிறது. பெரியதை விட்டுவிடலாமா?

வண்டுப் பைத்தியம்:
தாராளமாக. படம் பிடிப்பதானால் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, பக்கத்தில் ஒரு இருபது சென் காசு வைத்து எடுங்கள். ஸைலோட்ரூபஸில் எந்த இனம் என்று படத்தை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

பழைய மண்டோர்:
கருப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள், முட்டையிட அந்தக் குவியலுக்குத்தான் போகும்.