ரக்மானினோவின் சி ஷார்ப் மைனர் ப்ரீலூடும் ஸ்வெரெவ் வீடும்

போன வருடம் என் பியானோ ஆசிரியர், ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் இந்த ப்ரீலூடை (சிறிய பியானோ இசைத்துண்டு) எனக்குக் கொடுத்தார். முதலில் பாஸில், அதாவது கீழ் ஸ்தாயியில், மூன்றே ஸ்வரங்கள், கனமாக இறங்கும்: ஏ, ஜி ஷார்ப், சி ஷார்ப். நடுப்பகுதி வேகமெடுத்து ஓடும். அப்புறம் முதல் பகுதி திரும்பி வரும் இடத்தில் இசைக் குறிப்பைப் பார்த்துத் திகைத்துப்போனேன். வழக்கமாக இரண்டு ஸ்டாஃப் (ஸ்வரங்களை எழுதும் ஐந்து கோட்டு வரிசை) இருக்கும் இடத்தில் நான்கு! வாசிக்கப்போவது இரண்டு கைதான்; கேட்பதோ முழு ஆர்கெஸ்ட்ரா. 1892இல் இதை எழுதியவருக்கு 19 வயது.

இப்படி ஒரு காது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1885இல், 12 வயதில், மாஸ்கோவில் பியானோ ஆசிரியர் நிகோலாய் ஸ்வெரெவ் வீட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறார். கிட்டத்தட்ட குருகுலம்தான். தங்கிப் படிக்கும் பையன்களிடம் ஸ்வெரெவ் காசு வாங்க மாட்டார். ஆனால் முறை வைத்துக் காலை 6 மணிக்கே பியானோவில் உட்கார வேண்டும். முந்தின இரவு ஓபரா பார்த்துவிட்டு எத்தனை மணிக்குத் திரும்பினாலும் சரி, சலுகை கிடையாது. சிம்பொனிகளை இரண்டு பியானோக்களில் நான்கு பேராக உட்கார்ந்து வாசிக்க வைப்பார். அந்த நான்கு ஸ்டாஃபின் விதை இங்கேதான் விழுந்திருக்கும் என்பது என் எண்ணம்.

எப்போதும் யாராவது சாதகம் செய்துகொண்டிருக்கும் வீட்டில் சொந்தமாக எழுதுவது எப்படி? 1889இல் தனியிடம் கேட்டார், ஸ்வெரெவுக்குக் கோபம் வந்தது, பையன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அவர் கேட்டது நியாயமாகவே படுகிறது. கன்சர்வேட்டரியில் (இசைக் கல்லூரி) அவருடைய ஆசிரியர்கள்: பியானோவுக்கு இன்னொரு அத்தையின் மகன் ஸிலோட்டி, ஹார்மனிக்கு (ஸ்வரங்களை அடுக்கி இசைப்பது) அரென்ஸ்கி, கவுண்டர்பாயிண்டுக்கு (பல மெட்டுகளை ஒன்றாகப் பின்னுவது) தனேயெவ். 1892இல் இறுதித் தேர்வுக்காக 'அலெகோ' ஓபராவைச் சில வாரங்களுக்குள் எழுதி முடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். அன்று ஸ்வெரெவ் மனம் இளகித் தன் தங்கக் கடிகாரத்தையே அவருக்குக் கொடுத்தார். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1897இல் முதல் சிம்பொனி படுதோல்வி. மூன்று வருடம் பெரிதாக எதுவும் எழுத முடியவில்லை. மனச்சோர்வுக்கு டாக்டர் டால் தந்த சிகிச்சைக்குப் பிறகு வந்ததுதான் இரண்டாவது பியானோ கன்செர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது), டாலுக்கே சமர்ப்பணம்.

ப்ரீலூடைத் தொடங்கப்போகிறவர்களுக்கு: நான்கு ஸ்டாஃப் வரும் இடத்தில் முதலில் பாஸ் ஆக்டேவ்களை (ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில் சேர்ந்து ஒலிப்பது) மட்டும் தனியாக, மெதுவாக வாசித்துப் பழகுங்கள். கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) சேர்த்த பிறகும் அந்த மூன்று ஸ்வரம் காதில் தெளிவாக விழ வேண்டும்.