விவசாய வணிகம் படிக்க இங்கிலாந்து வந்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

புரட்டாதி பிறந்தால் எனக்கு இப்படியான செய்திகள் வரத் தொடங்கிவிடும். "அக்கா, நான் ஆரையம்பதி. விவசாய, உணவு வணிக முகாமைத்துவம் படிக்க வந்து பத்து நாள். முதலில் என்ன செய்ய?" இந்தமுறை ஒரே கிழமையில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் வந்தாறுமூலையில் விவசாய பீடம் முடித்துவிட்டு முதுமாணிக்கு வந்தவர், இன்னொருவர் உயர்தரம் முடித்த கையோடு வந்த தங்கச்சி. தனித்தனியாகப் பதில் எழுதினால் ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கு விடுபட்டுப் போகிறது. அதனால் எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறேன். நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். இதே துறையில் படித்து முடித்து, இப்போது ஒரு உணவுக் கம்பனியின் கொள்வனவுப் பிரிவில் வேலை செய்கிறேன்.

அவசரமான விசயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். கிழமை என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்தக் கிழமை 25, அடுத்த கிழமை 15 என்று சராசரி பார்க்க முடியாது. ஒரு கிழமை தாண்டினாலே விசா மீறல்தான். முதுமாணி மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோடையில் வகுப்பு இல்லாவிட்டாலும் ஆய்வறிக்கை எழுதும் காலம் உங்களுக்குத் தவணைக் காலம்தான். "சமர் வந்தால் முழுநேரம் செய்யலாம்" என்று எனக்கு ஒரு முகவர் சொல்லி அனுப்பினார். நல்லகாலம், யூனியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒருதரம் கேட்டுப் பார்த்தேன்.

சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் வேண்டாம். அது சுயதொழிலாகக் கணக்கெடுக்கப்படுகிறது, மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு இடமில்லை. அறையில் ரோல்ஸ் சுட்டு விற்பதும் அப்படித்தான். "எல்லாரும் செய்கிறார்கள்" என்று சொல்பவர்கள் உங்கள் விசாவுக்குப் பொறுப்பு நிற்க மாட்டார்கள்.

அடுத்தது இருக்கும் இடம். இந்தப் படிப்புக்குப் பேர்போன கல்லூரிகள் பல நாட்டுப்புறத்தில்தான் இருக்கின்றன. ஹார்ப்பர் அடம்ஸ் ஷ்ரொப்ஷயரில் ஒரு கிராமத்தோடு சேர்ந்தது. 1845 இல் தொடங்கிய சைரென்செஸ்டர் விவசாயக் கல்லூரி, இப்போதைய ரோயல் அக்ரிகல்சரல் யூனிவர்சிட்டி, ஒரு சிறிய பட்டணத்தின் ஓரத்தில் இருக்கிறது. ரெடிங், நியூகாசில் போனவர்களுக்குப் பட்டணம் கிடைக்கும். தமிழர் நிறைய இருக்கும் லண்டன் ஈஸ்ட்ஹாமையும் ஹரோவையும் மனதில் வைத்துக்கொண்டு வந்தால் முதல் மாதம் கஷ்டமாக இருக்கும். தமிழ்க்கடைக்குப் போக முடிகிற நாளில் அரிசி, மிளகாய்த்தூள், நெத்தலி எல்லாம் மொத்தமாக வாங்கி வையுங்கள். வீட்டுக்கு முற்பணம் கட்டினால் அதை 30 நாளுக்குள் அரசு ஏற்றுக்கொண்ட வைப்புப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் பதிய வேண்டும், பதிந்த கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். முழுநேர மாணவர்கள் மட்டுமே இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி கட்டத் தேவையில்லை, ஆனால் பல இடங்களில் யூனி தரும் சான்றிதழைக் கவுன்சிலுக்கு நீங்களேதான் அனுப்ப வேண்டும். விசாவோடு சுகாதாரக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருப்பீர்கள், அதனால் வருத்தம் வரும்வரை காத்திராமல் முதல் கிழமையே டொக்டரிடம் பதிந்துவிடுங்கள்.

சரி, இனி படிப்பு. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

முதல் வகுப்பில் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கத்தைய பண்ணை வீட்டுப் பிள்ளைகள். கதைப்பதெல்லாம் ஹெக்டேரில். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். கோதுமை ஹெக்டேருக்கு எட்டுத் தொன் அளவில் விளைகிறது என்பார்கள், முன்னூறு ஹெக்டேரை அப்பாவும் மகனும் ஒரு வேலையாளும் பார்க்கிறார்கள் என்பார்கள். நமக்கோ வட்டைக்குள், அதாவது ஊர் வயல்வெளிக்குள், நாலு ஏக்கர். அதைச் சொல்ல வாய் வராது. நானும் முதல் தவணை முழுக்கப் பேசாமல்தான் இருந்தேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒருநாள் விரிவுரையாளர் கேட்டார்: அறுவடை நேரம் விலை மிகக் குறைவு என்று தெரிந்தும் சிறு விவசாயிகள் ஏன் அப்போதே விற்கிறார்கள்? களஞ்சியம் இல்லை, தகவல் இல்லை என்று வகுப்பில் பதில்கள் வந்தன. எனக்கு அம்மாவின் காப்பு நினைவுக்கு வந்தது. மாரிப்போகம் (பெரும்போகம்) விதைக்கும்போது அடகுக்குப் போகும், நெல் விற்றதும் மீளும். நெல்லை வைத்திருந்து விற்றால் விலை கூடும் என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வட்டியும் கூடும், சிறுபோக உழவுக்கும் காசு வேண்டும், உரக்கடைக் கடனும் நிற்கும். அன்று நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய அறைக்குப் போய்ச் சொன்னேன். "இதையே உன் அசைன்மென்டாக எழுது, உன் வீட்டுக் கணக்கோடு எழுது" என்றார்.

அந்தக் கணக்குக்காக அப்பாவுக்கு அழைத்தேன். இங்கே பயிருக்கு 'கிராஸ் மார்ஜின்' பார்ப்பார்கள். விற்ற காசிலிருந்து அந்தப் போகத்துக்கென்றே செலவான விதைநெல், பசளை, களைநாசினி, உழவு, அறுவடை மெசின் கூலி போன்றவற்றை மட்டும் கழிப்பது. அப்பா அவ்வளவையும் மனக்கணக்காகச் சொல்லிவிட்டு, "அவ்வளவுதான் மகள்" என்றார். வயல் காவல் குடிசையான வாடியில் காவல் இருந்த இரவுகள் எத்தனை என்று கேட்டேன். யானை இறங்கும் காலத்தில் ஒன்றரை மாதம் அவரும் மாமாவும் மாறி மாறிப் போயிருக்கிறார்கள். வெடி, டோர்ச் பற்றரி, தேயிலை, சீனி. "அதெல்லாம் செலவா?" என்று கேட்டார். அம்மா வயலுக்குக் கட்டிக்கொடுத்த சோற்றையும் அவர் சேர்க்கவில்லை, அடகு வட்டியையும் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றாக அந்தத் தாளில் சேர்க்கச் சேர்க்க, இலாபம் என்று நாங்கள் நினைத்திருந்ததில் பெரும்பகுதி அப்பாவுடைய சொந்தக் கூலிதான் என்று தெரிந்தது. அழைப்பை வைத்த பிறகு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக் கணக்கு எழுதும்போது அடகு வட்டியை கிராஸ் மார்ஜினுக்குள் போடாதீர்கள், அது நிதிச் செலவு, தனி வரியில் காட்ட வேண்டும். வீட்டார் உழைப்புக்கு ஊரில் நாட்கூலி என்னவோ அதையே போட்டு, கூலி சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று என்று இரண்டு விடை காட்டுங்கள். விரிவுரையாளர்கள் கேட்பது அந்த வித்தியாசத்தைத்தான்.

ஈரக் கணக்கு இன்னொன்று. அப்பா நெல்மணியை முன்பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று முறிந்தால் காய்ந்தது, நசிந்தால் பச்சை. இங்கே ஆய்வுகூடத்தில் அதே காரியத்தை ஈரமானி செய்கிறது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த நமது நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரத்தை அளவாக வைத்து நெல் எடுக்கிறது. களத்தில் காயப்போட இடமில்லாதவர் பச்சை நெல்லையே வியாபாரிக்குக் கொடுப்பார், வியாபாரி மூடைக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார். அந்தக் கழிவு நியாயமா என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு கேள்வி. 20 வீத ஈரமுள்ள 1000 கிலோ நெல்லில் தண்ணீர் 200 கிலோ, உலர்ந்த பகுதி 800 கிலோ. 14 வீதத்துக்குக் காய்ந்தால் அந்த 800 கிலோ மொத்தத்தில் 86 வீதம், அதாவது நெல் 930 கிலோ. ஆக 70 கிலோ கழித்தால் ஈரத்துக்குச் சரி. அதற்கு மேல் கழிப்பதற்கு அவர் வேறு காரணம் சொல்ல வேண்டும். ஈரத்துக்கென்று கிலோவையும் கழித்து விலையையும் குறைத்தால் ஒரே ஈரத்துக்கு இரண்டு தரம் வெட்டுகிறார். இந்தக் கணக்கை வட்டையில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அம்பாறைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு செய்தி. நூலகத்தில் நீர்ப்பாசன முகாமைத்துவம் பற்றித் தேடினால் உங்கள் ஊர் வரும். 1980களில் கோர்னெல் பல்கலைக்கழகத்து நோர்மன் அப்ஹொஃப் முதலானோர் நம் நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அம்பாறைக் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தில் விவசாயிகளை அமைப்பாக்கிய வேலை உலகம் முழுக்கப் படிக்கப்படுகிறது. 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோமும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைவாய்க்காலில் இருப்பவர் தண்ணீரை அடக்கினால் கடைவாய்க்காலில் இருப்பவர் வயல் என்ன ஆகும் என்பதை நீங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தின் வாக்குவாதமும், தண்ணீர்ப் பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானையார் இரவோடிரவாகத் துரிசு (மதகு) பார்க்கப் போவதும் உங்களுக்குத் தெரியும். அந்த அறிவு உங்கள் சொத்து. ஆனால் "எங்கள் ஊரில் இப்படி" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் வராது. எழுதப்பட்ட ஆய்வோடு கொண்டுபோய் ஒட்டி, எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று எழுத வேண்டும்.

2021 உரத் தடையைப் பற்றி வகுப்பில் கட்டாயம் உங்களிடம் கேட்பார்கள். இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தி, நவம்பரில் திரும்பப் பெற்ற கதை இங்கே பாடமாகவே நடக்கிறது. அந்தப் போகம் உங்கள் வயலில் என்ன நடந்தது என்று வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பகுதிநேர வேலையைப் படிப்போடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்க்கடையின் சமையலறையில் வேலை செய்தால் அதுவே உங்கள் உணவுப் பாதுகாப்புப் பாடம். கடையிலேயே பொதி செய்து விற்கும் உணவில் எல்லாச் சேர்மானமும் எழுதி, 14 ஒவ்வாமைப் பொருட்களைத் தடித்த எழுத்துப் போலத் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது 2021 ஒக்டோபர் முதல் சட்டம். எள், கடுகு, நிலக்கடலை, மீன், இறால் எல்லாம் அதில் அடக்கம், நமது சாப்பாட்டில் இவை இல்லாதது குறைவு. நான் வேலை செய்த கடையில் இறால் வடைப் பொதியில் வெறும் 'வடை' என்று ஒட்டியிருந்தார்கள். முதலாளி அண்ணரிடம் தனியாகச் சொன்னேன், அடுத்த நாளே மாற்றினார். பிறகு எல்லாப் பொதிக்கும் லேபல் எழுதும் வேலையை எனக்கே தந்தார். இப்போதைய வேலைக்கான நேர்முகத்தில் நான் சொன்னது அந்த அனுபவத்தைத்தான்.

காசு வரும் காலத்தையும் யோசியுங்கள். பல இடங்களில் கட்டணத்தின் இரண்டாம் தவணை தைமாத அளவில் வரும். நமது பெரும்போக நெல் காசாவது மாசி, பங்குனியில். வீட்டில் அதை நம்பி இருந்தால் தவணை தவறிய பிறகு அல்ல, இப்போதே கட்டணப் பிரிவுக்கு எழுதித் திகதியை மாற்றக் கேளுங்கள். முன்கூட்டிக் கேட்பவருக்கு வழி பிறக்கும். எனக்குச் சீதனமாக ஒதுக்கிய வயலை ஈடு வைத்துத்தான் என் முதல் கட்டணம் வந்தது, அதனால் அந்தப் பதற்றம் எனக்குத் தெரியும்.

அசைன்மென்ட் எழுதித் தருகிறோம் என்று தமிழிலேயே வாட்ஸ்அப்பில் வருவார்கள். 2022 இல் வந்த சட்டப்படி இங்கிலாந்தில் அந்தச் சேவையை நடத்துவதே குற்றம். அந்த நம்பரை உடனே பிளொக் செய்துவிடுங்கள்.

கேள்விகளுக்குப் பதில்:

அக்கரைப்பற்றுத் தம்பி கேட்டது, படிப்பு முடிந்ததும் எவ்வளவு காலம் நிற்கலாம் என்று. பட்டதாரி விசாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பித்தால் இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். ஆகவே கடைசித் தவணையில் வேலை தேடலாம் என்று இருக்காதீர்கள். இளமாணிக்காரர்கள் ஒரு வருட வேலைப் பயிற்சி உள்ள படிப்பாக இருந்தால் அதை விடவே வேண்டாம்.

வாழைச்சேனைத் தங்கச்சிக்கு: சுப்பர்மார்க்கெட்டுகள் இங்கே விவசாயியை ஏமாற்ற முடியாதா என்று கேட்டீர்கள். ஆண்டு விற்பனை 100 கோடி பவுணுக்கு மேலுள்ள பெரிய கடைகளைக் கண்காணிக்க 2013 இல் ஒரு நடுவர் பதவி உருவானது. ஆனால் கடைக்கு நேரடியாகச் சரக்குக் கொடுப்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. ஆலைக்குக் கொடுக்கும் விவசாயி அதற்குள் வரமாட்டார். நம் ஊரில் விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவே நடப்பதை இதோடு ஒப்பிட்டால் நல்ல கட்டுரை வரும்.

வெல்லாவெளித் தங்கச்சி எருமைத் தயிரை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் தயிர் அவ்வளவு கட்டியாக வருகிறது, பிளாஸ்டிக் கோப்பைக்கு மாற்றினால் அது கிடைக்காது. அதே சட்டிதான் பாரமும், உடைவும், பஸ்ஸில் ஏற்றும் கூலியும். முதலில் உங்கள் அம்மாவிடம் மூன்று விசயம் கேட்டு எழுதி வையுங்கள்: வெறும் சட்டி ஒன்று என்ன விலை, நூறு சட்டி ஏற்றினால் எத்தனை உடைகிறது, விற்காத சட்டியைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினால் நட்டம் யாருக்கு. பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பேருமாக இருந்து கணக்குப் பார்ப்போம்.