லினக்ஸ் கர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) பேட்ச் (திருத்தக் கோப்பு) போட்டு மாட்டிக்கொண்ட கதைகளைச் சொல்லுங்கள்

வியாசர்பாடி வயர்:
மூன்று வருடமாகியும் மனசு ஆறவில்லை. எங்கள் தெருப் பையன் ஒருவன் கானா பாடுவான். குரல் விட்டுவிட்டுப் பதிவாகிறதே என்று என் பழைய லேப்டாப்பில் ஆர்டி (ரியல் டைம், குறித்த நேரத்துக்குள் வேலையை நடக்கவைக்கும்) பேட்ச் போட உட்கார்ந்தேன். கையில் 5.15 கர்னலின் சோர்ஸ் (மூல நிரல்). பதிப்பின் கடைசி எண் மட்டும் பேட்ச்சோடு ஒத்துப்போகவில்லை. கடகடவென்று ஓடிய வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு ஹங்க் (பேட்ச்சின் ஒரு துண்டு) ஃபெயில்டு. ஒன்றுதானே என்று பொருந்தாத துண்டு போய் விழும் ரெஜ் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துவிட்டு மேக் (கம்பைல் செய்யும் கட்டளை) கொடுத்தேன். லேப்டாப் பூட் ஆகவும் செய்தது, அதில்தான் ஏமாந்தேன்.

ஞாயிறு சாயங்காலம், ஒருவன் தீப்பெட்டியில் தாளம் தட்ட, இவன் பாட ஆரம்பித்தான். ரெண்டாவது வரியில் திரை உறைந்தது. கேப்ஸ் லாக் விளக்கு மினுக் மினுக்கென்று அடிக்கிறது. கர்னல் பேனிக், அதாவது கர்னலே செயலிழந்து நின்றுவிட்டது. அவனோ அதை ரெக்கார்டிங் லைட் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி முழுப் பாட்டையும் பாடி முடித்தான். செத்துப்போன ஆயாவுக்கு எழுதிய பாட்டு. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொருக்குப்பேட்டை கேட்:
என்னுடையது சின்னது. வைஃபை டிரைவர் பேட்ச். போட்டது மறந்துபோய் மறுபடியும் போட்டேன். 'ஏற்கெனவே போட்டதுபோல் தெரிகிறது, திருப்பிப் போடவா?' என்கிற மாதிரி கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ஒய் அடித்தேன். போட்டதெல்லாம் கழன்றது. மூன்று மணி நேரம் கம்பைல் செய்து, அத்தோ சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அதே பழைய கோளாறு.

தண்டையார்பேட்டை டெர்மினல்:
வயர், ஆர்டிக்கு எதற்கு பேட்ச்? 2024-இல் வந்த 6.12 கர்னலிலேயே அது மெயின்லைனில் (அதிகாரபூர்வ கர்னலில்) சேர்ந்துவிட்டதே. கான்ஃபிக்கில் ஆன் செய்தால் போதும். நானும் ஒருதரம் பேட்ச்சைப் பிரவுசரிலிருந்து காப்பி செய்து ஒட்டி, டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறி அவதிப்பட்டவன்தான். அது போகட்டும். புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன்: முதலில் டிரை ரன் (ஒத்திகை) கொடுத்துப் பாருங்கள், ஒரு கோப்பும் மாறாது. ஹங்க் சில வரி தள்ளிப் பொருந்தினால் பெரும்பாலும் பரவாயில்லை. ஃபஸ் (சுற்றியுள்ள வரிகள் முழுதாக ஒத்துப்போகாமலே பொருத்தியது) என்று வந்தால் அந்த இடத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள். இன்னொன்று, 5.10.3 பேட்ச்சை 5.10.2 மேல் போடாதீர்கள், வெறும் 5.10 மேல்தான் போட வேண்டும். பழைய கர்னலை குரப் மெனுவிலிருந்து (பூட் ஆகும்போது கர்னலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலிலிருந்து) தூக்கிவிடவே கூடாது. அப்புறம் வடசென்னையில் மே மாதம் யுபிஎஸ் இல்லாமல் கம்பைல் செய்கிறவர்களை என்ன சொல்ல!

வியாசர்பாடி வயர்:
டெர்மினல் அண்ணே, நான் சொல்வது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை, அப்போது 6.12 ஏது? பழைய கர்னலில் பூட் செய்து அன்று ராத்திரியே பையனை மறுபடி பாடக் கூப்பிட்டேன். மறுபடியும் அப்படி வராதுண்ணா என்றுவிட்டான். இப்போது போனிலேயே பதிவு செய்கிறான். என் வீட்டுக்கு வந்தால் மட்டும் லேப்டாப்பைக் காட்டி, "லைட்டு எரியுதாண்ணா?" என்பான்.