திருச்சியிலிருந்து கும்பகோணம் சைக்கிளில்: ஆற்றோரச் சாலையா, நான்குவழிச் சாலையா?

காவிரிக்கரை:
சென்ற ஞாயிற்றுக்கிழமை திருச்சியிலிருந்து கும்பகோணம் வரை நான்குவழிச் சாலையில் ஏறாமலே சைக்கிளில் போய்ச் சேர்ந்தேன். கல்லணை, கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு. அங்கிருந்து திருப்பழனம், கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம், சுவாமிமலை. கல்லணையிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மேடு என்றால் ஆற்றுப் பாலங்கள்தான். டெல்டாவில் வேறு எதன் மேல் ஏறுவது? கல்லணை தாண்டியதும் சாலையில் யாருமே இல்லை. வாழைத்தோட்டம், மடைச் சத்தம், மூடுபனி, நான். திருக்காட்டுப்பள்ளி வரை பஸ்ஸுக்காக ஒதுங்கியது மொத்தம் நான்கு தடவை. (எண்ணினேன். தனியாக ஓட்டுகிறவனுக்கு வேறு என்ன வேலை?)

இவ்வளவும் கையருகே இருக்க, தஞ்சை வரை நான்குவழிச் சாலையில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு போகிறவர்களை மடையர்கள் என்றுதான் சொல்வேன். மறுப்பவர்கள் வரலாம்.

நேர்வழி:
மடையன் வந்திருக்கிறேன், வணக்கம்.

இதே தடத்தில் நானும் இரண்டு ஆண்டுகள் ஓட்டியவன்தான் தம்பி. இப்போது நான்குவழிச் சாலையில்தான் போகிறேன். காரணம் என் இடது காறை எலும்பில் இருக்கிறது. ஏதோ ஒரு ஊரில் திருவிழாவுக்காக ஒரே இரவில் முளைத்த வேகத்தடை. வெள்ளைக் கோடு இல்லை, பலகை இல்லை. புளியமரத்து நிழல் சரியாக அதன் மேலேயே விழுந்திருந்தது. எது நிழல், எது மேடு என்று புரிவதற்குள் கைப்பிடி கையை விட்டுப் போய்விட்டது. ஊர்க்காரர்கள் ஓடி வந்து தூக்கினார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள். "முந்தாநாள்கூட ஒருத்தர் விழுந்தார்" என்று ஆறுதலும் சொன்னார்கள்.

அளவையும் பாருங்கள். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போடும் ஒருவழித் தார்ச்சாலையின் அகலம் 3.75 மீட்டர், வண்டி நடமாட்டம் மிகக் குறைவாக இருந்தால் 3 மீட்டர். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். மிச்சம் இருப்பதில்தான் நீங்கள் பிழைக்க வேண்டும். தாரை விட்டு இறங்கினால் மண், மண் முழுக்கச் சீமைக்கருவேல முள். நான்குவழிச் சாலையில் ஓரமாக எனக்கு ஒன்றரை மீட்டர் தார் இருக்கிறது. எதிரே என்ன வருகிறது என்பது அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிகிறது.

காவிரிக்கரை:
காறை எலும்புக்கு வருந்துகிறேன் அண்ணா, மடையர் என்றதற்கும் சேர்த்து. ஆனால் 3.75 மீட்டர் என்பது உட்கிராமத்துக்குப் பிரியும் கிளைச் சாலை. நான் சொல்வது பஸ் தடம்.

அந்த ஒன்றரை மீட்டரை உங்களுக்கென்று யார் எழுதிக் கொடுத்தார்கள்? எதிர்த்திசையில் வரும் பைக்குகள் அதில்தான் வருகின்றன. அச்சு முறிந்த லாரி அதில்தான் நிற்கிறது, பின்னால் நான்கு கல்லும் ஒரு வேப்பங்கொத்தும் வைத்துக்கொண்டு. தேசிய நெடுஞ்சாலைகள் நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். 2022இல் சாலை விபத்தில் இறந்தவர்களில் ஏறத்தாழ 36 சதவீதம் பேர் அவற்றில் இறந்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நேர்வழி:
இதற்கு மேல் ஒன்று வேண்டும். அந்த 2 சதவீத நீளத்தில் நாட்டின் போக்குவரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓடுகிறது என்று அரசே சொல்லிவருகிறது. அப்படிப் பார்த்தால் 36 என்பது அதன் பங்கை விடக் குறைவு. கூட்டம் நெரியும் சந்தையில்தான் பர்ஸும் அதிகம் தொலையும். அதற்காக ஆளில்லாத சந்து பத்திரம் என்று ஆகிவிடாது.

காவிரிக்கரை:
அந்தக் கணக்கு கார், லாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து. நாம் பேசுவது சைக்கிள். இடித்துத்தான் தீர வேண்டும் என்றால் நாற்பதில் வரும் டவுன் பஸ்ஸா, நூறில் வரும் காரா? நீங்களே தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாறு:
இரண்டும் வேண்டாம், நன்றி.

நான் திருவையாற்றுப் பக்கம். தஞ்சையிலிருந்து எங்கள் ஊருக்கு வருவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் ஏறி இறங்க வேண்டும். என் தொடைக்குத் தெரிந்த நில அமைப்பு அதுதான். வாரத்தில் மூன்று நாள் ஓட்டுகிறேன், பெரும்பாலும் தனியாக. "யாருமே இல்லை" என்று காவிரிக்கரை அண்ணன் ஆசையாக எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லைப் படித்ததும் நான் அந்தச் சாலையை என் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். எனக்கு வேண்டியது வண்டி இல்லாத சாலை, ஆள் இல்லாத சாலை அல்ல. கூரை வேயும் ஆள், பால் கேனோடு போகிறவர், வாசல் தெளிக்கும் அம்மா, மூன்று கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை. சங்கிலி கழன்று நான் நிற்கும்போது ஒரு பைக் தேவையில்லாமல் வேகத்தைக் குறைத்தால், நிமிர்ந்து பார்க்க ஒரு ஆளாவது வேண்டும்.

நேர்வழி ஐயா பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அவர் சொல்லாத நியாயம். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்கிறது. ஆற்றோரச் சாலையில் இருபது கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை. ஆண்கள் போடும் எந்தத் தடக் குறிப்பிலும் இந்த வரி இருப்பதில்லை.

நாய்களைப் பற்றியும் யாரும் பேசவில்லை. துரத்தினால் மிதிக்காதீர்கள், இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நின்றுவிடுங்கள். பெரும்பாலும் அதற்குச் சலித்துவிடும். பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே தோலுக்குள் போடும் ஊசி என்றால் 0, 3, 7, 28 என்ற நாட்களில். நான் போட்டுக்கொண்டவள். இருபத்தெட்டாம் நாளை மட்டும் மறந்துவிடத் தோன்றும், மறக்காதீர்கள்.

காவிரிக்கரை:
கழிப்பறை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

தூரதேசம்:
நான் பெல்ஜியத்தில் இருக்கிறேன். இங்கே லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று உண்டு. வண்டி குறைந்த சிறு சாலைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண், ஒரு பலகை. 14, 27, 31 என்று சீட்டில் எழுதிக்கொண்டால் நாள் முழுக்க ஓட்டலாம், வரைபடம் தேவையில்லை. கல்லணை முதல் பூம்புகார் வரை இதைச் செய்யக் கூடாதா?

பொன்னி நடவு:
செய்யலாம். அடுத்த வாரமே அந்தப் பலகையில் யாருடைய காதணி விழா ஃபிளெக்ஸாவது தொங்கும்.

நான் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம். நான்கு ஏக்கர் சம்பா. நீங்கள் எல்லாரும் எங்கள் சாலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். "யாருமே இல்லை" என்பது எனக்கும் உறுத்தியது, அந்தத் தங்கைக்கு உறுத்திய காரணம் வேறு. அந்த நேரத்தில் நாங்கள் வயலில் இருந்திருப்போம். சாலை காலியாக இருந்ததால் அது யாருடையதும் இல்லை என்று ஆகாது.

இப்போது அறுப்புக் காலம். பெல்ட் வைத்த அறுவடை வண்டி ஒரு மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு வருகிறது. அறுத்ததும் அடுத்த வயலுக்குப் போய்விடும். நெல்லை எங்கே கொட்டுவது? ஊருக்குக் களம் ஒன்று, காத்திருப்பவர் நாற்பது பேர். கொள்முதல் நிலையத்தில் மீட்டரில் பார்த்து ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் "காயவைத்துக் கொண்டுவா" என்பார்கள். சில ஆண்டுகளில் தளர்த்துவார்கள், அதற்குள் பாதி நெல் முளைத்திருக்கும். அதனால்தான் தாரில் பரப்புகிறோம். தார் போல் சூடேறும் தரை எங்களிடம் வேறு இல்லை.

போன வாரம் பத்துப் பேர் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். பாதிச் சாலையில் நெல், பாதிச் சாலை காலி. எதிரே ஒரு டிராக்டர் வர, நான்கு பேர் நெல்லுக்குள் ஏறினார்கள். நெல் மேல் சக்கரம் நிற்காது. கோலிக்குண்டு மேல் நடப்பது போல. ஒருவர் விழுந்தார். எழுந்ததும் காலால் நெல் கிளறிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியைத் திட்டினார். தடம் போன இடத்தில் நெல் உடைந்து வெள்ளை தெரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து அவருடைய தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

நேர்வழி:
ஐயா, அவர் திட்டியது தவறு. ஆனால் சாலை இருப்பது நெல் காயவைக்க அல்லவே? விழுந்தவருக்கு இடுப்பு முறிந்திருந்தால்?

பொன்னி நடவு:
முறிந்திருந்தால் நாங்கள்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருப்போம், உங்களுக்குச் சோடா கொடுத்தவர்களைப் போல. களம் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள், அன்றைக்கே சாலையைக் காலி செய்கிறோம். உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு ஆறு மாத உழைப்பு.

நேர்வழி:
நியாயம். அப்படியானால் தையிலும் மாசியிலும் சைக்கிள்காரர்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது என்பதுதானே முடிவு? நான் முதலிலிருந்தே அதைத்தான் சொல்கிறேன்.

பொன்னி நடவு:
வரக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? நேரம் பார்த்து வாருங்கள் என்கிறேன். இருட்டில் வராதீர்கள். இராத்திரி நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கருங்கல் வைத்திருப்போம். கறுப்புத் தார்ப்பாய், கறுப்புத் தார், மேலே பனி. வெயில் ஏறியதும் பரப்பிவிடுவோம். தையில் சூரியன் உதிக்கவே ஆறரைக்கு மேல் ஆகிறது. ஆறரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எங்கள் ஊரைத் தாண்டிவிட்டால் உங்களுக்கும் தொல்லை இல்லை, எங்களுக்கும் இல்லை.

உண்மையாகவே காலிச் சாலை வேண்டும் என்றால் ஆடியில் வாருங்கள். மேட்டூர் ஜூன் 12இல் திறந்த ஆண்டாக இருந்தால் ஆறு நிறைய ஓடும். மேல்காற்று முதுகில் கை வைத்துக் கும்பகோணம் வரை தள்ளிவிடும்.

காவிரிக்கரை:
திரும்பி வரும்போது?

பொன்னி நடவு:
திரும்பி வரும்போது ரயில்.

நேர்வழி:
நான் நான்குவழிச் சாலையை விடுவதாக இல்லை. ஆனால் அந்த ஆறரை, ஒன்பது கணக்கைத் தடக் குறிப்பின் முதல் வரியாகப் போடுங்கள் தம்பி. உங்கள் பதிவைப் பார்த்துவிட்டு நாளைக்கே பத்துப் பேர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

காவிரிக்கரை:
மாற்றிவிட்டேன். "யாருமே இல்லை" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். பஸ் எண்ணிக்கை மட்டும் இருக்கட்டும்.

ஐந்தாறு:
பொன்னி நடவு அண்ணா, உங்கள் ஊர்ப் பக்கம் காலையில் சீக்கிரம் திறக்கும் கடை ஏதாவது இருக்கிறதா? எங்கள் வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு கிளம்பினால் அங்கே வரும்போது கை நடுங்க ஆரம்பித்துவிடும்.

பொன்னி நடவு:
பஸ் நிறுத்தத்து அரசமரத்தடியில் ஒரு கடை. ஐந்தரைக்கே பாய்லர் புகையும். இட்லி ஏழு மணிக்குத்தான். பின்னால் அந்த அம்மாவின் வீடு. கேட்டால் கழிப்பறைச் சாவி தருவார்கள், என் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. நாய் ஒன்று இருக்கிறது, அது கடிக்காது. இட்லி கேட்கும்.